சாக மறுத்த செல்கள்

என் செல்கள் சாகவில்லை. அன்றைக்கு லேபில் எனக்கு விழுந்த திட்டுக்கு அதுதான் காரணம். மற்ற லேபுகளில் செல்கள் செத்துப்போனால் மூலையில் உட்கார்ந்து அழுவார்கள். எங்கள் லேபில் அவை பிழைத்துக்கொண்டால் எழவு வீடுதான்.

"வைட்டமின் சி போட்டியா இல்லியா?" என்றார் கைடு, மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"போட்டேன் சார்."

"போட்டா எப்படி இதுங்க உயிரோட இருக்கும்? பத்திரமா செய், பத்திரமா செய்னு எத்தனை தடவை சொல்றது?"

வாயைத் திறந்தால் பத்திரம் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பத்திரம் சார். எதிரில் வெறும் சார். அவருக்கும் அந்தப் பெயர் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் பெருமை கூட இருந்திருக்கலாம்.

அவருடைய புகழ் முழுக்க ஒரே கண்டுபிடிப்பில் நின்றுகொண்டிருந்தது. வைட்டமின் சி நல்லது என்று உலகமே நம்புகிறது. ஆனால் ஈரல் செல்கள் மேல் அதை ஊற்றினால், செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வு ஊசிப்போய், செல் செத்துவிடுகிறது. இதை அவர் எழுதினார், மற்றவர்கள் மேற்கோள் காட்டினார்கள், கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரே பேட்டி எடுத்துவிட்டது. பெரிய படம். லேபில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் செம்பு வாலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கீழே கொட்டை எழுத்தில்: "நல்லது என்று நீங்கள் விழுங்கும் மாத்திரை உங்கள் செல்லை எரிக்கிறது."

என் ஆராய்ச்சி அந்தக் கண்டுபிடிப்பின் வால். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. செல் செத்தால் அத்தியாயம் முடியும், அவர் கையெழுத்துப் போடுவார், நான் டாக்டர். சாகாவிட்டால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் கால் வைத்தவள், வெறும் காலோடு திரும்பி நடக்கவேண்டியதுதான்.

ஆனால் அந்த மாதம் எனக்குக் கையெழுத்தைவிடப் பெரிய தலைவலி வீட்டில் இருந்தது.

அம்மா ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளை நீராவி அழுத்தி வழியே தள்ளி எடுக்கிற வேலை. கை கொஞ்சம் தாமதித்தால் விரிப்போடு சேர்ந்து கையும் தட்டையாகும். ஒருநாள் அங்கேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தத்தில் இரும்பு இல்லை என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். இரும்பும் வைட்டமின் சியும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. வைட்டமின் சி இருந்தால்தான் வயிறு இரும்பைச் சுலபமாக இழுக்கும்.

கொஞ்ச நாள் தேறியதுபோல் இருந்தது. அப்புறம் மறுபடியும் மாடிப்படியில் பாதியில் நின்று, பக்கத்து வீட்டுச் சுவரை ரசிப்பதுபோல் மூச்சு வாங்க ஆரம்பித்தாள். நான் கீழ்இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம் தோற்றுவிடும்.

"மாத்திரை எங்கம்மா?"

"நிறுத்திட்டேன்."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"உங்க சார்தான்."

ஃபிரிட்ஜைக் காட்டினாள். பேப்பரிலிருந்து வெட்டிய படம். பத்திரம் சார் கையைக் கட்டிக்கொண்டு எங்கள் பால் பாக்கெட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டு டீச்சர் முழுசும் படிச்சுக் காட்டினாங்க. செல்லு எரிஞ்சுபோகுமாமே. மாத்திரை அட்டையிலயும் சி போட்டிருக்குன்னு அவங்கதான் பாத்தாங்க."

"அம்மா, டாக்டர் எழுதிக் குடுத்தது அது."

"அந்த டாக்டர் என் மூஞ்சியக்கூடப் பாக்கல. ஃபோனப் பாத்துக்கிட்டே எழுதினாரு. இவரப் பாரு, எவ்வளவு அக்கறையா நிக்கிறாரு."

"படம் எடுக்க நிக்கிறாரும்மா."

"பேசாதடி. உனக்குச் சோறு போடப்போறது அவரு கையெழுத்து."

என் கைடின் கண்டுபிடிப்பு உலகத்தில் வேறு யாரைத் தொட்டதோ தெரியாது, என் அம்மாவின் ரத்தத்தைத் தொட்டுவிட்டது. அதே கண்டுபிடிப்பைத்தான் நான் மறுநாள் போய் நிரூபித்துக்காட்ட வேண்டும். செல்கள் ஏன் சாகவில்லை என்று யோசிக்கவேண்டிய அவசியம் லேபில் யாருக்கும் இல்லை, எனக்கு இருந்தது.

ஒரே ஒரு விஷயம் மாறியிருந்தது. தண்ணீர்.

எங்கள் லேபுக்கு வேண்டிய தண்ணீரெல்லாம் பேட்டிப் படத்தில் இருக்கும் அந்த வாலையில்தான் வடிக்கப்படும். பத்திரம் சார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிச் செய்து வாங்கியது. செம்பு வயிறு, உள்ளே வெள்ளீயப் பூச்சு. அந்த வாரம் அதன் சூடேற்றும் கம்பி கருகிப்போய்விட்டது. நான் கீழ்மாடி லேபில் கெஞ்சி, அவர்கள் பிளாஸ்டிக் இயந்திரத்தில் சுத்தம் செய்த தண்ணீரை ஒரு கேனில் வாங்கி வந்து கரைசல் போட்டிருந்தேன்.

கம்பி மாற்றி வாலை ஓட ஆரம்பித்ததும் இரண்டு தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தேன். கொழுப்பு ஊசிப்போனால் அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து வரும். அதோடு ஒரு மருந்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரோஸ் நிறம் வரும். எவ்வளவு ரோஸோ அவ்வளவு நாசம். சார் தண்ணீரில் செய்த குழாய்கள் கல்யாணப் பெண்ணின் கன்னம்போல் சிவந்தன. கேன் தண்ணீரில் செய்தவை சலனமில்லாமல் நின்றன. வைட்டமின் சி இரண்டிலும் ஒரே அளவு.

அப்போதுதான் எனக்குச் செம்பு மேல் சந்தேகம் வந்தது.

இரும்பு, செம்பு மாதிரியானவற்றை இடைநிலை உலோகங்கள் என்று பாடப்புத்தகம் மரியாதையாகச் சொல்லும். நான் தரகர்கள் என்பேன். இந்தக் கையில் ஒரு எலெக்ட்ரானை வாங்கும், அந்தக் கையில் கொடுக்கும், தன் பையிலிருந்து ஒன்றும் போகாது. அதனால் ஒரு துளி இருந்தாலும் நாள் முழுக்க வியாபாரம் நடக்கும். வைட்டமின் சி இளகிய மனசுக்காரி, யார் கேட்டாலும் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுவாள். வாங்கிய செம்பு அதைக் கொண்டுபோய், செல்லுக்குப் பக்கத்தில் சும்மா திரிகிற பெராக்சைடிடம் தள்ளும். பெராக்சைடு உடைந்து அதிலிருந்து ஒரு ரவுடி பிறப்பான். அவனுக்கு உடனே ஒரு ஹைட்ரஜன் வேண்டும். பக்கத்தில் இருப்பது செல்லின் கொழுப்புச் சவ்வு. பிடுங்கிக்கொள்வான்.

அதற்கப்புறம் ரவுடியே தேவையில்லை. ஹாஸ்டலில் ஒருத்தியின் வாளி திருட்டுப் போனால் என்ன நடக்கும்? அவள் பக்கத்து அறைக்காரியின் வாளியை எடுப்பாள், அவள் அடுத்தவளுடையதை எடுப்பாள். மத்தியானத்துக்குள் ஹாஸ்டல் முழுக்க நாறிப்போகும். பறிகொடுத்த கொழுப்பு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு அடுத்த கொழுப்பிடம் பறிக்கும். வைட்டமின் ஈ மாதிரி யாராவது ஒருத்தி, போனால் போகிறது, நான் இன்றைக்குக் குளிக்கவில்லை என்று உட்கார்ந்தால்தான் சங்கிலி அறும்.

இதில் அழகு என்னவென்றால், வைட்டமின் சி போடாத குழாயில் செம்பு கைகட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கும். கொடுப்பவர் இல்லாத ஊரில் தரகருக்கு என்ன வேலை? அதனால் எங்கள் ஒப்பீட்டுக் குழாய் எப்போதும் சுத்தமாகவே தெரிந்தது. பழி மொத்தமும் அந்த இளகிய மனசுக்காரி தலையில் விழுந்தது.

ஆனால் உள்ளே ஈயம் பூசிய வாலையிலிருந்து செம்பு எப்படி வரும்? அன்றைக்கு ஏதோ சான்றிதழுக்காக லேபுக்கு வந்திருந்த சீனியர் அக்காவைப் பிடித்தேன். பத்திரம் சார் கீழேயே டாக்டர் பட்டம் வாங்கி, ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்துகிறவள்.

"அக்கா, நீங்க சேர்ந்தப்ப வாலைய உள்ள தேச்சீங்களா?"

"தேய்க்காம? கை தோலே போச்சு."

எங்கள் லேபில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வேலை அதுதான். மூடியைக் கழற்றி, கம்பி நாரால் வாலையின் உள்வயிற்றைத் தேய்க்கவேண்டும். சார் டார்ச் அடித்துப் பார்ப்பார். முகம் தெரிகிறவரை விடமாட்டார். ஒழுக்கம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறதாம்.

"உள்ள என்ன கலர்ல இருந்துச்சுக்கா?"

"வெள்ளி மாதிரி பளபளன்னு."

"நான் தேய்ச்சப்ப செவப்பா மின்னுச்சு."

அக்காவுக்கு நான் மேற்கொண்டு விளக்கவேண்டி இருக்கவில்லை. கையிலிருந்த சான்றிதழ் உறையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"என் தீசிஸ் முழுக்க அந்தத் தண்ணிதாண்டி."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா நோண்டுற? பைத்தியமே. சைன வாங்கிட்டு ஓடு. ஊரத் திருத்துறத அப்புறம் பாத்துக்கலாம். எனக்கே இன்னும் வேலை நிரந்தரமாகல."

"எங்கம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்கக்கா, இவரு பேட்டியப் பாத்து."

"அம்மாகிட்ட நீ சொல்லு. அதுக்கு எதுக்கு லேபக் கொளுத்துற?"

சொல்லிப் பார்த்தேன். அன்று சாயங்காலமே சொல்லிப் பார்த்தேன். தரகர், ரவுடி, வாளி எல்லாம் அம்மாவிடம் முதலில் அரங்கேறியவைதான். அவள் பொறுமையாகக் கேட்டாள். எங்கே குத்தவேண்டுமோ அங்கே குத்தினாள்.

"உலோகமும் சியும் சேர்ந்தா எரியும்கிற. இரும்பும் உலோகம்தானே? மாத்திரையில ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"குழாயில அது அவிழ்த்து விட்ட மாடும்மா. உடம்புக்குள்ள அப்படி விடாது. ரத்தத்துக்குள்ள போனதும் ஒரு புரதம் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும், மிச்சத்த இன்னொரு புரதம் பூட்டி வைக்கும். உன் உடம்புல பூட்டி வைக்கிறதுக்கே இரும்பு இல்ல."

"நல்லாத்தான் பேசுற. ஆனா நீ இன்னும் படிக்கிற புள்ள. அவரு உனக்கே சொல்லிக் குடுக்கிறவரு. அவரு வாயால சொல்லட்டும், முழுங்குறேன்."

கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதரை ஃபிரிட்ஜிலிருந்து கிழித்துப்போட்டிருப்பேன். அப்புறம் அவள் அதற்கும் படி ஏறி, டீச்சரிடம் இன்னொரு பேப்பர் கேட்டு வாங்கி வந்திருப்பாள். அதனால் விட்டேன்.

மறுநாள் பத்திரம் சார் அறையில் குழாய்களைக் கொண்டுபோய் வைத்தேன். சிவந்த வரிசை, சிவக்காத வரிசை. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி. உன் கேன் பிளாஸ்டிக். அதுலேர்ந்து ஏதோ இறங்கி செல்லக் காப்பாத்துது. என் தண்ணி நார்மல், உன் தண்ணிதான் கோளாறு."

"அப்படி நீங்க சொல்வீங்கன்னு தெரியும் சார்." மூன்றாவது வரிசையை எடுத்து வைத்தேன். "இது கேன் தண்ணிதான். சிட்டிகை செம்பு உப்பு போட்டேன். உங்களுது மாதிரியே செவந்துடுச்சு." நான்காவதையும் வைத்தேன். "இது உங்க தண்ணி. உலோகத்தக் கவ்விப் பிடிக்கிற மருந்தப் போட்டேன். செவக்கல. வைட்டமின் சி எல்லாத்துலயும் இருக்கு சார்."

அவர் நான்கையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்த்த இடத்துக்கே வந்தார்.

"உன் கை சரியில்ல."

"அப்ப நீங்க செய்யுங்க சார்."

இதற்கு மட்டும் அவரால் மாட்டேன் என்று சொல்லமுடியாது. பிப்பெட் பிடிப்பதில் தன் கைக்கு ஈடு கிடையாது என்று எங்களுக்குத் தினம் பாடம் எடுத்தவர். அந்தக் கை பிப்பெட்டைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது, தொட்டதெல்லாம் விண்ணப்பங்களும் மாலைகளும்தான். கோட்டைத் தேடினார். எல்லாருடைய கோட்டும் அவருக்குச் சின்னதாக இருந்தது. கடைசியில் என்னுடையதையே பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்லவேண்டும். அவர் கை அருமையான கை. ஒரு சொட்டு சிந்தவில்லை, ஒரு குழாய்க்கும் இன்னொரு குழாய்க்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. நான் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். கொதிநீர்த் தொட்டியில் குழாய்கள் இறங்கின. அவர் நகரவேயில்லை. ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை.

நிறம் வந்தது. அவர் தண்ணீர் சிவந்தது. கேன் தண்ணீர் சிவக்கவில்லை. அவ்வளவு சுத்தமான கையால் செய்ததால், என்னுடையதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

எழுந்து வாலையிடம் போனார். மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே புதுக் காசுபோல் சிவப்பு.

"ஈயம் எங்க?"

"தேய்ச்சாச்சு சார்."

"யாரு?"

"எல்லாரும். சேர்ந்தவங்க எல்லாரும். 'இன்னும் தேய், இன்னும் தேய்'னு நீங்க டார்ச் அடிச்சீங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கோட்டின் கை அவர் முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துபோயிருந்தது. ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் பேசிவிட்டார், பாவம் போய்விட்டது.

"இத இப்ப வெளிய எடுக்கவேண்டாம். நீ சாப்டரப் பழையபடியே எழுது. நாளைக்கே சைன் பண்றேன். அடுத்த வருஷம் நிதானமா, இன்னும் கொஞ்சம் டேட்டா சேர்த்து, ஒரு திருத்தமா அனுப்பலாம். பத்திரமா செய்யணும் இதெல்லாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் எங்கம்மா ரத்தம் தாங்காது சார்."

"உங்கம்மாவா?"

சொன்னேன். நீராவி அழுத்தி, மாத்திரை, டீச்சர், ஃபிரிட்ஜ்.

"நான் இரும்பு மாத்திரைய நிறுத்தச் சொல்லவே இல்லியே. பேட்டியில அந்த வார்த்தையே இல்ல."

"எரிக்கிறதுன்னு சொன்னீங்க சார். எரியறத யாராவது முழுங்குவாங்களா?"

"இதெல்லாம் பேப்பர்காரன் போட்ட தலைப்பு."

"படத்துல நிக்கிறது நீங்கதானே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நான் ஃபோனை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். மரியாதை இல்லாத வேலைதான். என் கையெழுத்து அந்த நொடியே பறந்துபோயிருக்கும் என்று தெரியும். மணி அடித்தது. பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சலோடு அம்மா வந்தாள்.

"என்னடி, வேலை நேரத்துல?"

"சார் பேசுறாரும்மா," என்று ஃபோனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

இரைச்சல் குறைந்தது. எங்கேயோ ஓரமாக ஓடிப்போயிருக்கிறாள். மூச்சு வாங்குவது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"சார், வணக்கம் சார். என் பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா சார்?"

பத்திரம் சார் ஃபோனை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். வெட்டிவிடுவார் என்று நினைத்தேன்.

"இல்லம்மா. அவ பண்ணல."

"அப்ப யாரு சார்?"

அவர் இன்னொரு கையிலிருந்த டார்ச்சை அணைத்தார்.

"நான்தாம்மா," என்றார். "தண்ணியில செம்பு கலந்திருந்துச்சு. அது செஞ்ச வேலைய நான் வைட்டமின் சி செஞ்சுதுன்னு சொல்லிட்டேன். நீங்க டாக்டர் குடுத்த மாத்திரையச் சாப்பிடுங்க."

"அதுல இரும்பும் இருக்கே சார். ரெண்டும் சேர்ந்தா எரியாதா?"

"உடம்புக்குள்ள இரும்பு அவிழ்த்து விட்ட மாடு மாதிரி திரியாதும்மா. புரதம் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்."

மாடு என்னுடையது. குழாய் வரிசைகளை வைக்கும்போது அவரிடமும் சொல்லியிருப்பேன் போல. கேட்காமலே எடுத்துக்கொண்டார், இவர்கள் வழக்கமே அப்படித்தான்.

"அப்படியா சார்," என்றாள் அம்மா, பரம நிம்மதியாக. "நீங்க சொன்னா சரி சார்."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அறைக்குப் போகிற வழியில் நின்று, "சாப்டர எழுதிக் கொண்டா. பாக்கிறேன்," என்றார். பழையபடி எழுதச் சொன்னாரா, நடந்ததை எழுதச் சொன்னாரா, சொல்லவில்லை. நான் நடந்ததை எழுதினேன். வாலை, கம்பி நார், டார்ச், எல்லாம். சீனியர் அக்கா இரண்டு நாள் என் ஃபோனை எடுக்கவில்லை. மூன்றாவது நாள், தன் பழைய கரைசல்களில் எதையாவது நான் பத்திரப்படுத்தியிருக்கிறேனா, திரும்பச் செய்துபார்க்க வேண்டும் என்று கேட்டு அனுப்பினாள். சாரின் மேஜையில் என் அத்தியாயம் இன்றைக்கும் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. ஓரங்களில் பென்சில் குறிகள் மட்டும் தினமும் கூடிக்கொண்டே போகின்றன. அடிக்கவில்லை, திருத்துகிறார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நான் அவரை நம்பவில்லை.

வீட்டில், அன்று சாயங்காலமே, அம்மா பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"எவ்வளவு பெரிய மனுஷன் டீச்சர். எனக்கு ஃபோன் போட்டு, நான்தாம்மா தப்புப் பண்ணேன்னு சொல்றாரு. இந்தக் காலத்துல யாரு சொல்வா?"

உள்ளே வந்தாள். மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு விழுங்கிவிட்டு, முகத்தைச் சுளித்தாள்.

"இதையேதானேம்மா நான் நேத்தே சொன்னேன். அப்ப ஏன் கேக்கல?"

"நீ கோபமா சொன்ன," என்றாள்.

"இப்பவும் கோபமாத்தான் இருக்கேன்."

"இரு," என்று சொல்லிவிட்டு, நாளைக்கான மாத்திரையை இன்றைக்கே பிதுக்கி வைக்கலாமா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம், காற்றுப் படும் என்றேன். சார் அப்படிச் சொன்னாரா என்று கேட்டாள்.